நூறு வரை சொல்கிறாள்; ஆறு தட்டு எடுத்து வரத் தெரியவில்லை

பழைய காசாளர், உவர்மலை

31 வருடம் வங்கியில் காசு எண்ணிப் பிழைத்தவன் நான். நூறு தாள் கட்டில் ஒன்று குறைந்தால் என் விரல் நுனி சொல்லிவிடும். அப்படிப்பட்டவனின் பேத்திக்கு எண்ணத் தெரியவில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

அவளுக்கு ஐந்தரை வயது. இந்த வருடம் தரம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். மகள் வைத்தியசாலையில் தாதி. இரவுப் பணியும் பகல் பணியும் மாறி மாறி வரும். மருமகன் கட்டாரில். ஆகவே பிள்ளையின் படிப்பு என் பொறுப்பிலும் மனைவியின் பொறுப்பிலும்தான் இருக்கிறது. முன்பள்ளிக் காலத்திலேயே ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சுவிடாமல் சொல்வாள். ஒருமுறை கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டை வாசலில் நின்ற மான்களுக்கு முன்னால் நூறும் சொல்லி முடித்தாள். வந்திருந்த பயணிகள் மானை விட்டுவிட்டு இவளைப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். மனைவி இடியப்பம் அவித்து வைத்திருந்தாள். "அலுமாரியிலிருந்து ஆறு தட்டு எடுத்து வா" என்று பிள்ளையிடம் சொன்னேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தூக்க முடிந்த அளவு அள்ளி வந்தாள். பத்து இருக்கும். "ஆறுதானே கேட்டேன், எண்ணிப் பார்" என்றேன். எண்ணினாள். ஒரு தட்டை இரண்டு முறை தொட்டாள், இன்னொன்றைத் தொடாமலே தாண்டினாள், வாய் மட்டும் நிற்காமல் ஓடியது. பதின்மூன்றில் போய் முடித்தாள்.

தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்ததால் குழம்பியிருப்பாள் என்று நினைத்து, ஐந்து இடியப்பத்தைத் தனித்தனியாகப் பரப்பி, "எத்தனை?" என்று கேட்டேன்.

"ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து."

சரியாகத் தொட்டு எண்ணினாள். "கெட்டிக்காரி. அப்படியென்றால் எத்தனை?"

"ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து."

"எண்ணியது சரி அம்மா. எத்தனை இடியப்பம் இருக்கிறது?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு, மூன்றாம் முறையும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். நான் குரலை உயர்த்திவிட்டேன். அவள் அழுதாள். வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். இடியப்பம் ஆறியது. மனைவி அன்றிரவு என்னோடு பேசவில்லை.

இது ஏதாவது குறைபாடா? யாரிடமாவது காட்ட வேண்டுமா? இன்னொன்று, கூட்டல் சொன்னால் விரலை மடக்கி எண்ணுகிறாள். எங்கள் காலத்தில் விரலை எடுத்தால் அடிமட்டம் பாயும். அந்தப் பழக்கத்தில் நானும் இரண்டு முறை அவள் கையைத் தட்டிவிட்டேன். 6, 9, 2 மூன்றையும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பி எழுதுகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்த வயதிலேயே ரியூசன் போகிறது. மகள் களைத்து வந்து, "அப்பா, நாங்களும் சேர்த்துவிடுவோமா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

---

முன்பள்ளி ஆசிரியை, கிண்ணியா

ஐயா, முதலில் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். உங்கள் பேத்திக்கு ஒன்றுமில்லை. 22 வருடமாகச் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறேன். நீங்கள் எழுதிய அந்த இடியப்பக் காட்சியை ஒவ்வொரு வருடமும் குறைந்தது பத்துப் பிள்ளைகளிடம் பார்க்கிறேன்.

நூறு வரை சொல்வது அவளுக்கு ஒரு பாட்டு. "கைவீசம்மா கைவீசு" சொல்கிற பிள்ளை ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் யோசித்தா சொல்கிறது? அதுபோலத்தான். பாட்டைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது, அது இல்லாமல் எண்ண முடியாது. ஆனால் அந்தச் சொற்களைப் பொருட்களோடு கட்டுவது தனி வேலை. "எத்தனை?" என்று நீங்கள் கேட்டபோது, "எண்ணத் தொடங்கு" என்றுதான் அவள் காதில் விழுந்திருக்கிறது. நீங்கள் மூன்று முறை சொன்னீர்கள், அவள் மூன்று முறை கீழ்ப்படிந்தாள். நல்ல பிள்ளை. அதற்குப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறாள்.

1978இல் கெல்மன், கலிஸ்டல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், எண்ணுதல் என்கிற ஒரு செயலுக்குள் எத்தனை அறிவு ஒளிந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டினார்கள். எங்கள் பயிற்சியில் இதைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். எண்களின் பெயர்கள் எப்போதும் ஒரே வரிசையில் வரவேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான். கடைசியாகச் சொன்ன சொல்லே மொத்தத்தின் பெயர். எதை வேண்டுமானாலும் எண்ணலாம், சத்தத்தைக்கூட. எந்தப் பொருளிலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது. உங்கள் பேத்தியிடம் முதலாவது கெட்டியாக இருக்கிறது. இரண்டாவது ஐந்து இடியப்பத்துக்கு இருக்கிறது, பத்துத் தட்டுக்கு இல்லை. மூன்றாவதன் வாசற்படியில் நிற்கிறாள்.

நாளைக்கே ஒன்று செய்து பாருங்கள். "எண்ணு" என்று சொல்லாமல், "தா" என்று கேளுங்கள். ஒரு சிரட்டை நிறையப் புளியங்கொட்டையைப் போட்டு, "அம்மப்பாவுக்கு இரண்டு தா". தந்தால், "மூன்று தா". பிறகு நான்கு. எந்த இடத்தில் யோசிக்காமல் கைக்கு வந்ததை அள்ளித் தருகிறாளோ, அதற்கு முந்தைய எண்தான் அவளுடைய இப்போதைய எல்லை. பெரும்பாலான பிள்ளைகள் "ஒன்று" என்பதன் பொருளைத்தான் முதலில் பிடிப்பார்கள். "இரண்டு" பிடிபடப் பல மாதம் எடுக்கும், பிறகு "மூன்று". நான்கு, ஐந்து வரும்போது சட்டென்று விளங்கிவிடும், அதற்குப் பிறகு தடையில்லை. அவளுடைய எல்லை நான்கு என்றால் நான்கையும் ஐந்தையும் வைத்து விளையாடுங்கள். நூறு ஓடிவிடாது.

எண்ணும்போது தொடுவதோடு விடாமல், எண்ணிய கொட்டையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள். எண்ணியது எது, எண்ணாதது எது என்ற குழப்பம் பாதி அதிலேயே தீரும். முடித்ததும் நீங்களே கையால் ஒரு வட்டம் காட்டி, "ஐந்து. எல்லாமாக ஐந்து கொட்டை" என்று சொல்லி விடுங்கள். கேள்வி வேண்டாம். சில நாளில் அவளே அந்த வட்டத்தைக் காட்டுவாள்.

விரலை ஏன் ஐயா தட்டினீர்கள்? பிள்ளை எங்கே போனாலும் கூடவே வருகிற எண்சட்டம் அது. ஒரு கையில் ஐந்து, இரண்டு கையில் பத்து என்று கடவுளே பிரித்துத் தந்திருக்கிறான். எண்கள் மனதில் பதிந்ததும் விரல்கள் தாமாக மடியும். அடித்து மடக்கினால் மேசைக்குக் கீழே ஒளித்து எண்ணுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எழுத்துத் திரும்புவதும் இந்த வயதில் சாதாரணம். ஏழு எட்டு வயதுக்குப் பிறகும் விடாமல் தொடர்ந்தால் மட்டும் கவனியுங்கள்.

ஒரு சின்னக் கேள்வி. பதினெட்டுக்கு அடுத்து என்ன சொல்கிறாள்?

---

பழைய காசாளர், உவர்மலை

டீச்சர், தண்ணீர் குடித்தேன். பதினெட்டுக்கு அடுத்து இப்போது சரியாகச் சொல்கிறாள். ஆனால் நான்கு வயதில் "பதினொன்பது" என்றுதான் சொல்வாள். எண்பத்தொன்பது முடிந்ததும் "ஒன்பது பது" என்பாள். வீடே சிரிக்கும். நான் திருத்தித் திருத்தித்தான் சரியாக்கினேன்.

இரண்டு தந்தாள், மூன்று தந்தாள். நான்கு கேட்டபோது ஒரு கைப்பிடி வந்தது. ஏழோ எட்டோ.

---

முன்பள்ளி ஆசிரியை, கிண்ணியா

அந்தப் "பதினொன்பது"தான் எனக்கு வேண்டியிருந்தது. பதினேழு, பதினெட்டு, பதினொன்பது. எழுபது, எண்பது, ஒன்பது பது. யாரும் சொல்லித் தராத சொல்லைத் தானே விதி கண்டுபிடித்து ஆக்கியிருக்கிறாள். கிளிப்பிள்ளைக்கு அந்தப் பிழை வராது. பிழை நம் மொழியுடையது, ஒன்பதிடம் வந்ததும் அது வழி மாறிவிடுகிறது. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் எல்லாமே அடுத்த படிக்குரிய பெயரை முன்கூட்டியே கடன் வாங்கிக்கொண்டு நிற்கின்றன. ஆகவே பிள்ளை மண்டு என்ற எண்ணத்தை இன்றோடு விடுங்கள்.

எல்லை மூன்று. அங்கிருந்து தொடங்குங்கள். இனி ஒரு விளையாட்டு. ஐந்து புளியங்கொட்டையை எடுத்து, ஒரு பக்கத்தைச் சிமெந்துத் தரையில் வெள்ளை தெரிகிற வரை தேயுங்கள். தாயம் ஆடியவர் என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குலுக்கிப் போட்டால் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு விழும். அடுத்த முறை நான்கு வெள்ளை, ஒரு கறுப்பு. ஐந்தும் கறுப்பாக விழுந்தால் வெள்ளை "ஒன்றும் இல்லை", சுழியம் அங்கேயே வந்துவிடும். ஐந்து எப்போதும் ஐந்துதான், உள்ளே பிரிவதுதான் மாறுகிறது. கூட்டல் கழித்தல் இரண்டுக்கும் அத்திவாரம் இதுதான். பிறகு ஒரு கொட்டையை உள்ளங்கையில் ஒளித்துவிட்டு, "எத்தனை ஒளிந்திருக்கிறது?" என்று கேளுங்கள். ஐந்து நன்றாக வந்தபின் ஆறு கொட்டை, ஏழு கொட்டை.

---

இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நகர்

பெரியவர் மன்னிக்க வேண்டும், எல்லோரும் விளையாட்டு விளையாட்டு என்கிறார்கள். என் மூத்தவனை ஐந்து வயதில் எண்சட்ட வகுப்பில் சேர்த்தேன். ஆறில் இரண்டு இலக்கக் கூட்டல் மனதில் செய்தான். தினமும் ஒரு பக்கப் பயிற்சி. பிள்ளைகளுக்குப் பழக்கம்தான் முக்கியம். தரம் ஐந்து புலமைப்பரிசில் வினாத்தாளில் புளியங்கொட்டை வராது.

---

சல்லிக்கரை

அண்ணன், மீன் வருமா?

என் கணவர் கரைவலைக்குப் போகிறவர். எனக்குப் பெரிய படிப்பு இல்லை, வீட்டில் நடப்பதை எழுதுகிறேன். வலை இழுத்து முடிந்ததும் சின்ன மீனைக் கூறு போடுவார்கள். என் மகனுக்கு இப்போது ஆறு வயது. ஐந்து வயதிலிருந்தே கூட வந்து நிற்பான். ஒருநாள் சூடை மீனில் ஒரு கூறும் கீரி மீனில் ஒரு கூறும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எது கூட என்று தகப்பன் கேட்டார். சூடைக் கூறு பரந்து கிடந்ததால் அதைக் காட்டினான். "எண்ணிப் பார்" என்றார். கீரிதான் கூட இருந்தது. பிள்ளைக்கு நம்ப முடியவில்லை. திரும்ப எண்ணினான். பிறகு சூடையை நெருக்கி வைத்து, கீரியைப் பரப்பி வைத்து எண்ணினான். மூன்று நாளாக வீட்டில் கரண்டி, செருப்பு, உள்ளி எல்லாவற்றையும் பரப்புவதும் நெருக்குவதும்தான் வேலை. பரப்பினால் கூடாது, நெருக்கினால் குறையாது என்று அவனே வந்து எனக்குச் சொன்னான், நான் தெரியாமல் இருந்தது மாதிரி.

வீட்டுக்கு வருகிற மீனை நான்கு வீட்டுக்குப் பங்கு வைப்பதும் அவன்தான். ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே சுற்றி வருவான். கடைசியில் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். மிஞ்சியது பூனைக்கு. இதற்குப் பெயர் வகுத்தல் என்று நான் அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஐயா, பிள்ளையைத் தட்டு எடுக்கச் சொன்னீர்களே, அது நல்ல வேலை. ஆனால் "ஆறு தட்டு" என்று சொல்லாமல், "ஆளுக்கொரு தட்டு" என்று சொல்லிப் பாருங்கள். ஆட்களைப் பார்த்து வைப்பாள். வைத்து முடித்த பிறகு எண்ணட்டும்.

---

மூதூரான், இலண்டன்

இங்கே ஓர் ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். இந்தத் திரியைப் பார்த்ததும் உள்ளே வராமல் இருக்க முடியவில்லை. தட்டு, மீன், புளியங்கொட்டை எல்லாம் இங்கே பிளாஸ்டிக்கில் செய்து பெட்டியில் விற்கிறார்கள்.

இங்கிலாந்தில் எஜுகேஷன் எண்டோமென்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பு, மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிப்பதற்கான வழிகாட்டி ஒன்றை 2020இல் வெளியிட்டது. ஆராய்ச்சி முடிவுகளைத் திரட்டி ஐந்து பரிந்துரைகளாகச் சுருக்கியிருந்தார்கள். அதில் இரண்டு இடங்கள் இந்தத் திரிக்குப் பொருந்தும். கணிதத்துக்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள், அதோடு நாள் முழுவதும் நடக்கிற காரியங்களுக்குள்ளும் அதைக் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். ஆகவே தகப்பன் அண்ணன் சொல்கிற தினசரிப் பழக்கமும் சரி, சல்லி அக்கா சொல்கிற மீனும் சரி. சண்டை வேண்டாம். இன்னோரிடத்தில், தொட்டு விளையாடுகிற பொருளுக்கும் அதற்குள் இருக்கிற கணக்குக்கும் உள்ள தொடர்பு பிள்ளைக்கு விளங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இது முக்கியம். கொட்டையைக் கொடுத்துவிட்டு நாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வெறும் கொட்டைதான். விரலைப் பற்றியும் டீச்சர் சொன்ன மாதிரியே அதில் இருக்கிறது. எண்சட்ட வகுப்பில் எனக்குப் பயம் ஒன்றுதான். மணியைத் தள்ளுகிற வேகம் முதலில் வந்து, மணி எதற்காக நிற்கிறது என்பது வராமலே போய்விடும் பிள்ளைகளை இங்கே பார்த்திருக்கிறேன். ஐயாவின் பேத்திக்கு அது இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

ஐயாவுக்குச் செலவில்லாத ஒரு பொருள் சொல்கிறேன். பழைய கலண்டரின் பின்பக்கத்தில் அடிமட்டம் வைத்து, ஒரே அளவில் பத்துச் சதுரம் நேர்கோட்டில் வரைந்து, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஒன்று அல்லது இரண்டு விழுகிற மாதிரி ஏதாவது உருட்டி, காயை நகர்த்துங்கள். இவ்வளவுதான் விளையாட்டு. அமெரிக்காவில் கீதா ராமானி, ராபர்ட் சீக்லர் என்ற இருவர், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளை வைத்து இதை ஆராய்ந்து 2008இல் எழுதினார்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கே முறை, ஒவ்வொரு முறையும் பதினைந்து இருபது நிமிடம் ஆடிய பிள்ளைகளுக்கு எண்களை எண்ணுவது, ஒப்பிடுவது, இனங்காண்பது எல்லாம் முன்னேறியது. ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. எண்கள் இல்லாமல் நிறங்கள் மட்டும் போட்ட பலகையில் ஆடிய பிள்ளைகளுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை.

நுணுக்கம் ஒன்று இருக்கிறது. காய் 5இல் நிற்கும்போது இரண்டு விழுந்தால், "ஒன்று, இரண்டு" என்று நகர்த்தக் கூடாது. "ஆறு, ஏழு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். நிற்கிற இடத்திலிருந்து தொடர்ந்து எண்ணுவது அதில்தான் பழகும். பாம்பும் ஏணியும் பலகையை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். அதில் வரிசைக்கு வரிசை திசை திரும்புவதால் சின்னவர்களுக்கு எண்கள் எந்தப் பக்கம் வளர்கின்றன என்பதே குழம்பிவிடும்.

---

இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நகர்

கலண்டர் பலகையை இளையவளுக்கு வரைந்து பார்க்கிறேன். வகுப்பை நிறுத்த மாட்டேன்.

---

பழைய காசாளர், உவர்மலை

ஆறு வாரம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், ஆகவே கணக்கு ஒப்படைக்க வந்தேன்.

ரியூசன் போகவில்லை. மகளிடம், "தரம் இரண்டில் பார்ப்போம்" என்று சொல்லியிருக்கிறேன். "ஆளுக்கொரு தட்டு" முதல் நாளே வேலை செய்தது. தனக்குத் தட்டு வைக்க மறந்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகு நின்றுகொண்டே யோசித்தாள். அது வேறு கதை. புளியங்கொட்டை தேய்க்கும் வேலை எனக்கு வந்தது. அறுபது வருடத்துக்குப் பிறகு சிமெந்துத் தரையில் குந்தியிருந்து தேய்த்தேன். எழும்ப மனைவி கை தர வேண்டியிருந்தது. ஐந்து கொட்டையில் இப்போது அவளை ஏமாற்ற முடியாது. ஒளித்த கையைப் பார்க்காமலே, "உங்களிடம் இரண்டு" என்கிறாள். ஏழில் இன்னும் தடுமாறுகிறாள்.

நான் சொல்ல வந்தது கன்னியாவைப் பற்றி. போன ஞாயிறு மகளுக்கு ஓய்வு நாள். எல்லோருமாக வெந்நீர்க் கிணற்றுக்குப் போனோம். அங்கே ஏழு கிணறு என்பது திருகோணமலையில் பிறந்த யாருக்கும் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. "எண்ணிக்கொண்டு வா" என்றேன். ஒவ்வொரு கிணற்றுக் கட்டையும் தொட்டுத் தொட்டுச் சுற்றி வந்தாள். ஆட்கள் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டிருக்க, இவள் நடுவில் புகுந்து புகுந்து போய் வந்து, "ஒன்பது" என்றாள்.

பழைய நான் என்றால், "ஏழு!" என்று கத்தியிருப்பேன். நாக்கைக் கடித்துக்கொண்டு அவளோடு இன்னொரு சுற்று நடந்தேன். ஒரு சொல்லுக்கு ஒரு கிணறு என்று சரியாகத்தான் தொடுகிறாள். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. கிணறுகள் கிட்டக்கிட்ட, சதுரம் சதுரமாக, எல்லாம் ஒரே சாயலில் இருக்கின்றன. எங்கே தொடங்கினோம் என்பது தெரியாமல், முதலில் தொட்ட இரண்டையும் மறுபடி தொட்டுவிடுகிறாள். புளியங்கொட்டை என்றால் தள்ளி வைக்கலாம். கிணற்றைத் தள்ளி வைக்க முடியுமா? அவளையே கேட்டேன். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தன் சின்னச் சிவப்பு வாளியைக் கொண்டுபோய் ஒரு கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, "இது ஒன்று" என்றாள். சுற்றினாள். வாளி தெரிந்ததும் நின்றாள். "ஏழு. எல்லாமாக ஏழு" என்று கையால் வட்டம் காட்டினாள். டீச்சர், உங்கள் வட்டம்.

விட்டிருக்கலாம். ஆனால் காசாளன் புத்தி விடவில்லை. வங்கியில் நாங்கள் கட்டை ஒரு முனையிலிருந்து எண்ணுவோம், பிறகு திருப்பி மறு முனையிலிருந்து எண்ணுவோம். இரண்டும் ஒத்தால்தான் பட்டி போடுவோம். "இனி வாளியிலிருந்து அந்தப் பக்கமாக எண்ணு" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தப் பக்கமாகப் போனால் வேறு ஏதோ வரப்போகிறது என்று நம்பித்தான் போனாள். ஐந்தாவது கிணற்றில் நடை மெதுவானது. ஏழில் வாளியடியில் வந்து நின்று, யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல் சுற்றிப் பார்த்தாள். "மறுபடியும் ஏழு" என்றாள், குரல் இறங்கி. அதற்குப் பிறகு நடுவில் உள்ள கிணற்றில் வாளியை வைத்து ஒரு சுற்று, மூலையில் வைத்து ஒரு சுற்று. அம்மா குளித்து முடித்து ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறாள், இவள் வர மாட்டேன் என்கிறாள். இரண்டு பக்கமும் எண்ணினால் ஒன்றாகத்தான் வரும் என்பது ஒரு தனி அறிவு, அதை யாரோ ஒருநாள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்று 31 வருடத்தில் ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. நானும் எங்கோ ஒரு கிணற்றடியிலோ கடற்கரையிலோ கண்டுபிடித்திருப்பேன், ஞாபகம் இல்லை.

2 இன்னும் திரும்பித்தான் நிற்கிறது. கூட்டல் கொப்பியில் போன வாரம் நான்கு பிழை. விரலை மடக்குகிறாள், நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு முறைப்பாடும் உண்டு. என் பிரஷர் மாத்திரை அட்டை வெறுமையானதும் அவளுக்குக் கொடுத்திருந்தேன். இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி. அதில் புளியங்கொட்டையை வைத்து விளையாடுவாள். மேல் வரிசை நிறைந்து கீழே இரண்டு இருந்தால், எண்ணாமலே "ஏழு" என்பாள். முந்தாநாள் இரவு, அலுமாரியில் இருந்த என் புது அட்டையை எடுத்தேன். பக்கத்தில் நின்றவள் ஒரே பார்வையில், "ஏழு இருக்கிறது. மூன்று குடித்திருக்கிறீர்கள்" என்றாள். மனைவி குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அட்டை உடைத்தது திங்கட்கிழமை, தினமும் இரவில் ஒன்று, அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெளியே வந்து, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நான்கு அல்லவா குறைந்திருக்க வேண்டும்?" என்றாள்.